போக்கர் கை வரிசை அட்டை: வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

போக்கர் செட் பெட்டியைத் திறந்தால் சிப்ஸ், சீட்டுக்கட்டு, சீட்டுப் போடுபவரைக் குறிக்கும் டீலர் பட்டன் இவற்றோடு ஒரு சின்ன அட்டையும் கிடைக்கும். மேலே ராயல் ஃப்ளஷ், அடியில் ஹை கார்டு, நடுவில் எட்டுக் கைகள்: எந்த ஐந்து சீட்டுச் சேர்க்கை எதை வெல்லும் என்ற வரிசை. இதையே தனியாகவும் விற்கிறார்கள்: பர்ஸில் செருகும் அளவில், மேசைமேல் நிற்கும் மடிப்பு அட்டையாக, சுவரொட்டியாக, விளையாடும் விரிப்பின் ஓரத்திலேயே அச்சிட்டு. வடிவம் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

புதிதாகக் கற்பவருக்கு இது அவசியம்தான். ஆனால் கடையில் கிடைக்கும் அட்டைகளில் முக்கால்வாசிக்கு வேலை பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஃப்ளஷ் (ஐந்தும் ஸ்பேட், ஹார்ட் போல ஒரே சின்னம்) பெரியதா ஸ்ட்ரெய்ட் (ஐந்தும் வரிசை எண்கள்) பெரியதா என்ற கேள்விக்கு எல்லா அட்டையும் பதில் சொல்லும். இருவருக்குமே ஃப்ளஷ் வந்தால் பாட், அதாவது நடுவில் குவிந்த பந்தயம், யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலான அட்டைகள் வாய் திறப்பதில்லை. மேசையில் குரல் உயர்வது அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

முன்பக்கம்: பத்துப் பெயர்கள்

52 சீட்டில் 5 சீட்டை எடுத்தால் வரக்கூடிய கைகள் மொத்தம் 25,98,960. எந்தக் கை எவ்வளவு அரிதோ அவ்வளவு உயரம். வரிசையின் அடிப்படை இவ்வளவுதான். ராயல் ஃப்ளஷ் 4 கைகள், மற்ற ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 36, ஒரே எண் நான்கு, அதாவது குவாட்ஸ், 624, மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் 3,744, ஃப்ளஷ் 5,108, ஸ்ட்ரெய்ட் 10,200, ஒரே எண் மூன்று, அதாவது ட்ரிப்ஸ், 54,912, இரண்டு ஜோடி 1,23,552, ஒரு ஜோடி 10,98,240, எதுவும் சேராத ஹை கார்டு 13,02,540. ராயல் ஃப்ளஷ் தனி வகை என்பது மரியாதைக்குத்தான். அது ஏஸ் உச்சியில் நிற்கும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், அவ்வளவே. அதனால் ஒன்பது வரி மட்டும் போட்டிருக்கும் அட்டையைப் பார்த்தால் தவறு என்று ஒதுக்க வேண்டாம்.

பத்து வரியையும் மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்யச் சொல்வது அட்டைகளின் பொதுக் குறை. இரண்டு குடும்பமாகப் பிரித்துக் காட்டினால் ஒரே முறையில் மனதில் நிற்கும். எண்கள் ஒத்துப்போகும் குடும்பம் ஒன்று: ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ட்ரிப்ஸ், ஃபுல் ஹவுஸ், குவாட்ஸ். இந்த ஏறுவரிசையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து சீட்டும் சேர்ந்தால் மட்டுமே உருவாகும் குடும்பம் இன்னொன்று: ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ், இரண்டும் கலந்த ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ். இப்போது முதல் குடும்பத்தில் ட்ரிப்ஸுக்கும் ஃபுல் ஹவுஸுக்கும் நடுவே ஸ்ட்ரெய்ட்டையும் அதற்கு மேலே ஃப்ளஷ்ஷையும் செருகுங்கள். ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்ஷை உச்சியில் வையுங்கள். வேலை முடிந்தது. இரு குடும்பத்துக்கும் இரண்டு நிறப் பட்டை போட்டிருக்கும் அட்டை கண்ணில் பட்டால் அதை எடுங்கள்.

மூன்று சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் கட்டாயம் இடறும். அங்கே வரிசைச் சீட்டு, ஒரே சின்னச் சீட்டைவிடப் பெரியது. இங்கே தலைகீழ். காரணம் எண்ணிக்கைதான்: மூன்று சீட்டில் வரக்கூடிய 22,100 கைகளில் சாதாரண வரிசை 720, ஒரே சின்னம் 1,096. ஐந்து சீட்டுக்குப் போனதும் ஒரே சின்னத்தில் ஐந்தும் அமைவது வரிசையைவிட அரிதாகிவிடுகிறது. 5,108-க்கு எதிரே 10,200 என்பதைப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

சில அட்டைகள் சதவீதத்தையும் அச்சிடுகின்றன. அது எந்தச் சதவீதம் என்று பாருங்கள். ஃபுல் ஹவுஸ் பக்கத்தில் 0.144% என்று இருந்தால் அது 5 சீட்டுக் கணக்கு, 2.6% என்று இருந்தால் ஹோல்டமில் (கையில் இரண்டு, மேசையில் பொதுவாக ஐந்து) வருவதுபோல 7 சீட்டிலிருந்து சிறந்த 5-ஐ எடுக்கும் கணக்கு. இரண்டும் சரி, ஆனால் ஒரே அட்டையில் கலந்துகிடந்தால் குப்பை. ஹோல்டம் ஆடப்போகிறவருக்கு 7 சீட்டுக் கணக்குதான் பயன்படும்: ஒரு ஜோடி 43.8%, இரண்டு ஜோடி 23.5%, ஹை கார்டு 17.4%, ட்ரிப்ஸ் 4.83%, ஸ்ட்ரெய்ட் 4.62%, ஃப்ளஷ் 3.03%, குவாட்ஸ் 0.168%.

இதில் ஒரு விநோதம் கண்ணில் பட்டிருக்கும். 7 சீட்டில் ஹை கார்டு, ஒரு ஜோடியைவிட அரிது. பிறகு ஏன் அதை ஜோடிக்கு மேலே தூக்கி வைக்கவில்லை? வைத்தால், ஜோடி கிடைத்தவர் அதில் ஒன்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ஐந்தை எடுத்து 'எனக்கு ஹை கார்டு' என்று சொல்லிவிடுவார். உடனே ஹை கார்டு மலிந்துவிடும். அதனால் 7 சீட்டு ஆட்டத்திலும் 5 சீட்டு வரிசையே செல்லுபடியாகிறது. இதை எந்த அட்டையும் விளக்காது, விளக்கவும் தேவையில்லை. சதவீதத்தைப் பார்த்துவிட்டு 'அட்டையே தப்பு' என்று வாதாடும் ஆள் வந்தால் மட்டும் கைகொடுக்கும்.

பின்பக்கம்: காசு கொடுப்பது இதற்குத்தான்

பின்பக்கத்தில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் இருந்தால் அந்த அட்டையைத் திரும்ப வைத்துவிடலாம். அங்கே இருக்க வேண்டிய முதல் வரி: கை என்பது எப்போதும் ஐந்து சீட்டு. ஆறாவது, ஏழாவது சீட்டுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில் இல்லை. ஹோல்டமில் எழும் சச்சரவுகளுக்கு இந்த ஒரு வரியை மறந்ததே வேர்.

உதாரணம். போர்டில், அதாவது மேசையில் விரித்த பொதுச் சீட்டுகளில், கிங்-கிங்-9-9-7, உங்கள் கையில் 6-6. மூன்று ஜோடி என்று ஒரு கை கிடையாது. கிங் ஜோடி, 9 ஜோடி, ஐந்தாவது சீட்டாக 7. உங்கள் 6 இரண்டும் வெறும் காகிதம். எதிரே ஏஸ்-3 வைத்திருப்பவர் அதே இரண்டு ஜோடியோடு ஏஸைச் சேர்த்துப் பாட்டை எடுத்துக்கொள்வார். கையிலேயே ஜோடி இருந்தும் தோற்றது ஏன் என்று புதியவர் விழிப்பார்.

அடுத்து, ஒரே வகைக் கைகள் மோதும்போது எதை எதோடு ஒப்பிடுவது. நல்ல அட்டை இதை ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே எழுதியிருக்கும்.

ஸ்ட்ரெய்ட், ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் இரண்டிலும் உச்சிச் சீட்டு மட்டும் போதும். ஏஸ்-2-3-4-5 செல்லும், ஆனால் அங்கே ஏஸ் அடிமட்டம், உச்சி 5, ஆகவே ஸ்ட்ரெய்ட்டுகளில் மிகச் சிறியது அதுதான். 2-3-4-5-6 அதை வெல்லும். குயின்-கிங்-ஏஸ்-2-3 என்று வளைத்துக்கொண்டு போவது செல்லாது.

ஃப்ளஷ்ஷில் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். ஏஸ்-6-4-3-2 ஃப்ளஷ், கிங்-குயின்-ஜாக்-10-8 ஃப்ளஷ்ஷை வெல்லும். ஐந்தையும் கூட்டிப் பார்ப்பது, எத்தனை படச்சீட்டு என்று எண்ணுவது எல்லாம் கிடையாது. போர்டிலேயே ஸ்பேடில் ஏஸ்-ஜாக்-9-6-3 விழுந்துவிட்டால்? கையில் ஸ்பேட் 5 இருப்பவர் 3-ஐத் தள்ளிவிட்டு அதைப் போட்டு முன்னேறுவார். ஸ்பேட் 2 இருப்பவருக்கு அதனால் பயனில்லை, போர்டில் உள்ள ஐந்தே அவர் கை. யாரிடமும் 3-ஐத் தாண்டும் ஸ்பேட் இல்லையென்றால் பாட் பங்கு.

ஃபுல் ஹவுஸில் முதலில் மூன்று, அது சமமானால் பிறகே ஜோடி. 4-4-4-2-2 கையானது 3-3-3-ஏஸ்-ஏஸ் கையை வெல்லும். ஏஸைப் பார்த்து மயங்கிப் பாட்டைத் தவறாகத் தள்ளிவிடுவது சகஜம். இதில் இன்னும் நுணுக்கமான ஒன்று: போர்டில் குயின்-குயின்-குயின்-5-5 கிடக்கிறது, ஒருவரிடம் ஒரு 5 இருக்கிறது. அவருக்கு மூன்று 5 அமைந்துவிட்டது என்ற குஷி வரும். ஆனால் 5-5-5-குயின்-குயின் என்பது குயின்-குயின்-குயின்-5-5 கையைவிடச் சிறியது. ஆக அவருக்குப் போர்டைத் தாண்டி ஒன்றும் இல்லை. 8-8 வைத்திருப்பவரோ குயின்-குயின்-குயின்-8-8 செய்து அவரை வீழ்த்துவார்.

இரண்டு ஜோடியில் பெரிய ஜோடி முதலில், பிறகு சின்ன ஜோடி, கடைசியில் ஒற்றைச் சீட்டு. ஏஸ்-ஏஸ்-2-2 கை கிங்-கிங்-குயின்-குயின் கையை வெல்லும். ட்ரிப்ஸ், குவாட்ஸ், ஒரு ஜோடி மூன்றிலும் ஒத்த எண்ணை ஒப்பிட்டபின் மிஞ்சிய சீட்டுகள் பெரியதிலிருந்து சிறியதாக வரும். அந்த மிச்சச் சீட்டுக்குத்தான் கிக்கர் என்று பெயர்.

கிக்கரைப் பற்றி அட்டைகள் ஒரு வரி எழுதினால் அதிசயம், எழுதினாலும் எப்போது அது வேலை செய்யாது என்பதை எழுதுவதில்லை. போர்டில் கிங்-9-6-4-2, ஒருவரிடம் கிங்-குயின், மற்றவரிடம் கிங்-ஜாக்: குயின் கிக்கர் வெல்கிறது. போர்டில் ஏஸ்-கிங்-குயின்-ஜாக்-4, ஒருவரிடம் கிங்-8, மற்றவரிடம் கிங்-5: இருவர் கையும் கிங்-கிங்-ஏஸ்-குயின்-ஜாக், 8 உள்ளேயே வரவில்லை, பாட் பாதிப் பாதி. ஒரு சிப் மிஞ்சினால் டீலர் பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவருக்குக் கொடுப்பது வழக்கமான விதி.

இத்தனையும் ஒப்பிட்டும் சமமாக நின்றால் சமம்தான். சின்னத்தை வைத்து உடைப்பது போக்கரின் கை வரிசையில் இல்லை. ஸ்பேட் ஃப்ளஷ்ஷும் கிளாவர் ஃப்ளஷ்ஷும் எண்கள் ஒத்தால் பங்கு. சில அட்டைகளின் ஓரத்தில் ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் என்று இறங்குவரிசையில் ஒரு பட்டை போட்டிருப்பார்கள். டீலர் யார் என்று சீட்டு எடுத்துத் தீர்மானிப்பதுபோன்ற பக்கவேலைகளுக்கு அது உதவும், பாட்டைப் பிரிக்க அல்ல. விளக்கமில்லாமல் அந்தப் பட்டை இருந்தால் அது பெரிய குறை. இல்லாத விதியை ஆட்களுக்குக் கற்றுத்தந்துவிடும்.

அச்சில் கவனிக்க வேண்டியவை

எடுத்துக்காட்டுக் கைகளைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்ட்ரெய்ட்டுக்குக் காட்டியிருக்கும் ஐந்து சீட்டில் சின்னங்கள் தெளிவாகக் கலந்திருக்க வேண்டும். ஹார்ட்டும் டைமண்டும் மட்டும் கலந்து, அதுவும் பொடி எழுத்தில் இருந்தால், சற்றுத் தள்ளி இருப்பவருக்கு அது ஃப்ளஷ் போலத் தெரியும். ஃப்ளஷ்ஷுக்கு 5-6-7-8-10 மாதிரி நெருக்கமான எண்களைப் போடுவதும் குழப்பம்தான். 2-6-9-ஜாக்-கிங் போலச் சிதறி இருந்தால் 'சின்னம் மட்டுமே முக்கியம்' என்பது உறைக்கும். ஜோடிக் கைகளில் கிக்கர் சீட்டுகளை மங்கலாக அச்சிடுவது ஒரு பாணி. அழகுக்குச் சரி, ஆனால் அந்தச் சீட்டுகளுக்கு மதிப்பே இல்லை என்ற தவறான எண்ணத்தை அது விதைக்கிறது. முழு நிறத்தில் அச்சிட்டு, ஜோடியைச் சுற்றிக் கோடு போட்ட அட்டைகள் மேல்.

நான்கு நிற முறையில் அச்சிட்ட அட்டைகளும் உண்டு: ஸ்பேட் கறுப்பு, ஹார்ட் சிவப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை. ஃப்ளஷ்ஷை அடையாளம் காண இதைவிட எளிய வழியில்லை. ஆனால் சீட்டுக்கட்டும் அதே நான்கு நிறத்தில் இருந்தால்தான் பலன். இரண்டு நிறக் கட்டோடு நான்கு நிற அட்டையை வைத்தால் கற்பவர் இரண்டு மொழியில் படிக்க வேண்டியதாகிவிடும்.

அளவு அற்பமாகத் தெரியும், அற்பமில்லை. போக்கர் அளவுச் சீட்டு சுமார் 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். கட்டோடு வரும் வரிசை அட்டை அதே அளவில், அதே பின்புற வடிவத்தோடு இருந்தால் குலுக்கும்போது உள்ளே போய், யாரோ ஒருவருக்குப் பங்கிடப்படும். அந்தச் சுற்று வீண். கட்டைப் பிரித்ததும் ஜோக்கர் இரண்டையும் இந்த அட்டையையும் எடுத்துவிட்டு 52 எண்ணிய பிறகே ஆரம்பிக்க வேண்டும். சீட்டைவிடப் பெரிய அட்டை, உள்ளங்கை அளவோ அதற்கு மேலோ, இந்தத் தொல்லையைத் தராது. பொருளைப் பொறுத்தவரை பிவிசி அட்டை மேல். காகித அட்டை மூலை மடங்கி, கைவியர்வை பட்டு, மடிப்பில் இருக்கும் வரிதான் முதலில் அழியும்.

ஒருவருக்கு ஒன்று வேண்டும் என்பதும் அனுபவஸ்தர்கள் சொல்லும் விஷயம். மேசைக்கு ஒரே அட்டை இருந்தால், அதை இழுத்துப் பார்ப்பவர் தன் கையைத் தானே காட்டிக்கொடுக்கிறார். போர்டில் மூன்று ஹார்ட் விழுந்த மறுநொடி ஒருவர் அட்டையைத் தேடினால் எதிரே இருப்பவர் சீட்டை மடித்து விலகிவிடுவார். ஆளுக்கொன்று சிப்ஸ் பக்கத்தில் எப்போதும் விரிந்து கிடந்தால் பார்வை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

எந்த ஆட்டத்துக்கு?

அட்டையின் தலைப்பில் வெறும் 'போக்கர்' என்று இருந்தால் அது ஹோல்டம், ஸ்டட், ஐந்து சீட்டு டிரா இவற்றுக்குப் பொருந்தும். ஓமஹா என்ற வகைக்கும் வரிசை இதேதான், ஆனால் கையைக் கட்டும் விதி வேறு: கையில் உள்ள நான்கில் சரியாக இரண்டு, போர்டில் சரியாக மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. போர்டில் நான்கு ஹார்ட் கிடந்து கையில் ஹார்ட் ஏஸ் மட்டும் இருந்தால் ஹோல்டமில் அது பெரிய ஃப்ளஷ். ஓமஹாவில் ஃப்ளஷ்ஷே இல்லை. கையிலேயே மூன்று கிங் வந்தாலும் இரண்டுதான் செல்லும். மூன்றாவது கிங் உதவாததோடு, போர்டில் விழ வேண்டிய கிங்கையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓமஹா ஆடுபவர்கள் இந்த ஒரு விதி பெரிய எழுத்தில் இல்லாத அட்டையை வாங்கிப் பயனில்லை.

2 முதல் 5 வரை நீக்கிய 36 சீட்டு ஷார்ட் டெக் ஆட்டத்துக்கு வழக்கமான அட்டை தவறான விடை தரும். அங்கே ஒரு சின்னத்தில் ஒன்பதே சீட்டு. ஐந்து சீட்டுக் கணக்கில் ஃப்ளஷ் 480, ஃபுல் ஹவுஸ் 1,728. ஆகவே ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸை வெல்லும். மிகச் சிறிய ஸ்ட்ரெய்ட் ஏஸ்-6-7-8-9. ட்ரிப்ஸா ஸ்ட்ரெய்ட்டா எது பெரியது என்பதில் ஆடும் இடத்துக்கு இடம் விதி மாறுவதால், ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவைத்துவிடுவது நல்லது.

சிறிய கை ஜெயிக்கும் லோபால் ஆட்டங்களுக்கு அட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. 2-7 வகையில் ஏஸ் எப்போதும் பெரியது, ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷ்ஷும் கையைக் கெடுக்கும். அதனால் சிறந்த கை சின்னம் கலந்த 7-5-4-3-2. ஏஸ்-5 வகையில் அவை இரண்டும் கணக்கில்லை, சிறந்தது 5-4-3-2-ஏஸ். ஜோக்கரை எந்தச் சீட்டாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆடினால் ஒரே எண் ஐந்து என்ற புதுக் கை பிறந்து, வழக்கமாக ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்ஷுக்கும் மேலே போய் உட்காரும்.

கையில் இருக்கும் அட்டையைச் சோதிக்க

ஏழு சீட்டு எடுத்து வையுங்கள்: ஹார்ட்டில் 5, 6, 7, 8, கிங், ஸ்பேட் 9, கிளாவர் 2. இது என்ன கை என்று அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு புதியவர் ஒருவரிடம் கேளுங்கள். ஸ்ட்ரெய்ட்டும் இருக்கிறது, ஃப்ளஷ்ஷும் இருக்கிறது, எனவே ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் என்று சொன்னால் அட்டை தோற்றது. வரிசையாக வரும் அதே ஐந்தும் ஒரே சின்னத்தில் இருக்க வேண்டும் என்பதை அது புரியவைக்கவில்லை. சரியான விடை கிங் உச்சியுள்ள ஃப்ளஷ். அடுத்து 9-9-9-5-5-5-கிங்: விடை 9-9-9-5-5. மூன்றாவது 5-ஐயும் கிங்கையும் ஒதுக்கத் தெரிந்தால் ஐந்து சீட்டு விதி புரிந்துவிட்டது. கடைசியாக, போர்டில் 7-7-7-7-குயின், இருவரிடம் ஜாக்கும் 10-உம்: பங்கு. ஒருவரிடம் கிங் இருந்தால் அவருக்கே முழுப் பாட்.

பெட்டியோடு வந்த அட்டையில் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் புதிதாக ஒன்று வாங்கக்கூட வேண்டாம். அழியாத மை பேனாவால் ஆறு வரி எழுதிக்கொள்ளலாம்: கை ஐந்து சீட்டு மட்டுமே; ஃபுல் ஹவுஸில் மூன்று முதலில்; இரண்டு ஜோடியில் பெரிய ஜோடி முதலில்; ஃப்ளஷ்ஷில் உச்சியிலிருந்து இறங்கு; ஏஸ்-2-3-4-5 மிகச் சிறிய ஸ்ட்ரெய்ட், வளைவு கிடையாது; சின்னத்துக்கு மதிப்பில்லை, சமம் என்றால் பங்கு. பிவிசி மேல் எழுதினால் ஒரு நிமிடம் காயவிடுங்கள், இல்லையென்றால் முதல் ஆட்டத்திலேயே விரலில் ஒட்டிக்கொள்ளும்.